கதைக்குள் இடம்பெறாத வீடுகள்

சிறுவருக்கென எழுதப்படும் கதையை மதிப்பிடுவதற்கு எம்மவர் நீண்ட காலமாக ஒரே அளவுகோலைக் கையாண்டு வருகின்றனர். கதை பிள்ளையின் மனத்தைக் கலக்காதிருக்க வேண்டும் என்பதே அது. கதையில் வரும் தந்தை குடிக்கலாகாது, தாய் காரணமின்றி அழலாகாது, பெற்றோர் பிரியலாகாது, கடன்காரன் வாசலுக்கு வரலாகாது, சாவு வந்தாலும் வயது முதிர்ந்த பாட்டனாருக்கே வரவேண்டும். இந்த விதிகளை யாரும் எழுதிவைக்கவில்லை. எனினும் பாடநூல் ஆக்குவோர், பரிசுக்குரிய நூலைத் தெரிவோர், பாடசாலை நூலகத்துக்குப் புத்தகம் வாங்குவோர் எனப் பலரும் அவற்றை மனப்பாடமாக அறிந்துவைத்திருக்கின்றனர். இவ்விதிகள் பிள்ளைகளைக் காக்கின்றனவா, அல்லது பெரியவர்களாகிய எம்மைக் காக்கின்றனவா என்பதே இங்கு ஆராயப்படவேண்டிய வினா.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிக்கொள்ளுதல் நலம். குடும்பத்தின் துன்பத்தைப் பிள்ளைகளிடம் மறைப்பது தமிழர் மரபு என்று சிலர் சொல்வதுண்டு. மரபு அவ்வாறு சொல்லவில்லை. நல்லதங்காள் கதையை எந்தப் பாட்டியும் பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னதில்லை. பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளுடன் தமையன் வீட்டை நாடிச் சென்ற ஒருத்தி, அண்ணியால் அவமதிக்கப்பட்டுப் பிள்ளைகளைக் கிணற்றில் எறிந்து தானும் மாய்ந்த கதை அது. பசி எப்படி உறவை அரிக்கும் என்பதை அதைவிடக் கடுமையாகச் சொன்ன கதை எம்மிடம் வேறில்லை. அரிச்சந்திரன் கூத்தில் மனைவி விலைப்படுகிறாள். மகன் பாம்பு தீண்டி இறக்கிறான். வன்னியிலே, குறிப்பாக முல்லைத்தீவுப் பகுதியிலே, ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தில் கணவன் மனைவியைவிட்டு நீங்குகிறான், செல்வம் அழிகிறது, எஞ்சிய சிலம்பை விற்கப்போய் உயிரிழக்கிறான். இக்கூத்துகளை இரவு முழுவதும் விழித்திருந்து பார்த்தவர்களுள் முன்வரிசையில் பாய் விரித்து இருந்தவர்கள் சிறுவர்களே. அவர்கள் கெட்டுப்போனார்கள் என்று எவரும் முறையிட்டதில்லை.

அப்படியாயின் இந்தத் துடைத்துவைத்த வீடு எங்கிருந்து வந்தது? அச்சுப் புத்தகமும் பாடசாலையும் வளர்ந்த வரலாற்றோடு அது வந்தது. யாழ்ப்பாணத்திலே க. ச. அருள்நந்தி போன்ற கல்வி அதிகாரிகளின் ஊக்கத்தால் 1935 ஆம் ஆண்டில் ‘பிள்ளைப் பாட்டு’ வெளிவந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பிள்ளைகளின் நாவுக்கிசைந்த பாடல்களைத் தந்தார். தமிழகத்தில் அழ. வள்ளியப்பா முதலியோர் 1950 ஆம் ஆண்டில் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை நிறுவினர். அதற்கு முன்னரே, 1947 இல், ‘அம்புலிமாமா’ தொடங்கிவிட்டது. இவர்கள் செய்த பணியைக் குறைத்துப் பேசுதல் நன்றிகேடாகும். நீதிநூலை உருப்போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்குச் சிரிக்கவும் பாடவும் உரிமையுண்டு என்று நிலைநாட்டியவர்கள் அவர்களே.

ஆனால் இம்முயற்சிகளில் உருவான வீட்டுக்கு ஒரு வர்க்க அடையாளம் உண்டு. அங்கே தந்தைக்கு நிலையான வருவாய் இருக்கிறது. தாய் அடுக்களையில் பலகாரம் செய்கிறாள். பாட்டி திண்ணையில் கதை சொல்கிறாள். சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டிலே கூழும் கொழுக்கட்டையும் மணக்கின்றன. அந்த மணம் பொய்யன்று. அது ஒரு வீட்டின் உண்மை. ஒரு வீட்டின் உண்மை எல்லா வீட்டினதும் உண்மையாக நிறுத்தப்படும்போதே சிக்கல் பிறக்கிறது. 2009 ஆம் ஆண்டு ஆடிப்பிறப்பன்று கண்டாவளை, தர்மபுரம், முரசுமோட்டை மக்களிற் பெரும்பாலோர் செட்டிகுளத்து முகாம்களில், முட்கம்பிக்குள்ளே, வரிசையில் நின்று உணவு பெற்றுக்கொண்டிருந்தனர். அவர்களது பிள்ளைகளுக்கும் அதே பாட்டைத்தான் நாம் கற்பிக்கிறோம், கற்பிக்கவும் வேண்டும். ஆனால் அதை மட்டுமே கற்பித்தால், இந்தப் பிள்ளைகளின் வீடு இலக்கியத்துக்குரிய வீடு அன்று என்பதையும் சேர்த்தே கற்பித்தவர்களாவோம்.

இன்று எமது பகுதியில் ஆறாம் தரத்தில் படிக்கும் பிள்ளை போர் முடிந்த பின்னர் பிறந்தது. எறிகணையையோ பதுங்குகுழியையோ அது கண்டதில்லை. அது காண்பது போர் வீட்டுக்குள் விட்டுச்சென்ற மிச்சங்களையே. முதற் கணவன் காணாமற்போய், பல ஆண்டுகள் காத்திருந்து, மறுமணம் செய்த தாய். அந்த முதற் கணவனின் படத்தைச் சுவரில் மாட்டுவதா கழற்றுவதா என்று தெரியாத வீடு. ஒரு காலை இழந்தவராய், கூலிவேலைக்கும் அழைக்கப்படாமல், மாலையானதும் குடித்துவிட்டு வரும் தகப்பன். நுண்கடன் தவணை கேட்டு வாரந்தோறும் வருபவரைக் கண்டதும் பின்வழியால் வெளியேறும் அம்மா. மத்திய கிழக்கு நாட்டில் வீட்டுவேலைக்குப் போய்த் தொலைபேசியில் மட்டும் வாழும் அம்மா. இவர்கள் எல்லோருக்கும் பதிலாகப் பிள்ளையை வளர்க்கும் அம்மம்மா. காணாமற்போனோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். இறந்தவர் என்றும் சொல்லமுடியாமல், உயிரோடிருப்பவர் என்றும் சொல்லமுடியாமல் இருக்கும் ஒருவருக்காக, அவர் காணப்படவில்லை என்று சான்றிதழ் வழங்குவதற்கு 2016 இல் சட்டமே இயற்றப்பட்டது. அரசாங்கப் படிவத்தில் இடம்பெற்றுவிட்ட இந்த நிலைமை எமது சிறுவர் கதையில் அரிதாகவே இடம்பெறுகிறது.

இதன் விளைவை வகுப்பறையில் காணலாம். ‘எனது குடும்பம்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், தந்தையில்லாத பிள்ளை பாடநூலிலிருந்து ஒரு தந்தையை எடுத்து எழுதுகிறது. அவர் வேட்டியும் சட்டையும் அணிந்து அலுவலகம் போகிறார். மாலையில் இனிப்பு வாங்கி வருகிறார். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்துகிறோம். அந்தத் தந்தையை யார் திருத்துவது? பிள்ளை பொய் சொல்லவில்லை. எழுதத்தக்க குடும்பம் எது என்று நாம் கற்பித்ததை ஒப்புவிக்கிறது. தன் வாழ்வை எழுதத்தகாததெனக் கருதப் பழகிய பிள்ளையிடம் மொழிப்பற்றை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

இந்த இடத்தில் மூன்று மறுப்புகள் எழும். பிள்ளைப் பருவத்தின் கள்ளமின்மை கெட்டுவிடும் என்பது ஒன்று. வாழ்வில் துன்பப்படும் பிள்ளைக்குக் கதையிலாவது இன்பம் வேண்டாமா என்பது மற்றொன்று. வீட்டு மானம் தெருவுக்கு வரலாமா என்பது மூன்றாவது. அதிகம் சொல்லப்படாததும் அதிகம் வலிமையுடையதும் அதுவே.

முதல் மறுப்புக்கு ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கெஸ்ட்னர் விடையளித்துவிட்டார். 1933 இல் பெர்லினில் நாசிகளால் எரிக்கப்பட்ட நூல்களுக்குரியவர்களுள் அவரும் ஒருவர். 1949 இல் அவர் எழுதிய சிறுவர் நாவலில், பெற்றோரின் மணமுறிவால் குழந்தைப் பருவத்திலேயே பிரிக்கப்பட்ட இரட்டைச் சிறுமியர் ஒரு விடுமுறை இல்லத்தில் ஒருவரையொருவர் சந்திக்கின்றனர். ஒருத்தி வியன்னாவில் தந்தையிடம் வளர்பவள்; மற்றவள் மியூனிக்கில், உழைத்துப் பிழைக்கும் தாயிடம் வளர்பவள். இதைப் பிள்ளைகளிடம் பேசலாமா என்று கேட்போருக்கு ஆசிரியர் கதைக்கு நடுவே நின்று மறுமொழி கூறுகிறார். பெற்றோரின் பிரிவால் துன்புறும் பிள்ளைகள் எத்தனையோ பேர். பிரியாமல் சேர்ந்திருந்து சண்டையிடும் பெற்றோரால் துன்புறுவோரும் எத்தனையோ பேர். அத்துன்பத்தைப் பிள்ளைகள் தலையில் சுமத்தத் துணிந்த நாம், அதைப்பற்றி அவர்களோடு அறிவுக்கிசைந்த முறையில் பேசமட்டும் தயங்குவது முறையோ என்பது அவரது வாதத்தின் சாரம். துன்பம் ஏற்கெனவே பிள்ளையின் வீட்டில் இருக்கிறது. கதை அதைக் கொண்டுவரவில்லை. இந்த வாதத்தை எவரும் வென்றதாகத் தெரியவில்லை.

ஆயினும் அந்நாவலைக் குறையற்றதென்று கொள்ளமுடியாது. இறுதியில் சிறுமியரின் சூழ்ச்சியால் பெற்றோர் மீண்டும் மணந்துகொள்கின்றனர். வாசிக்கும் பிள்ளை மகிழும். ஆனால் தன் பெற்றோர் ஒருபோதும் சேரப்போவதில்லை என்று அறிந்த பிள்ளை என்ன நினைக்கும்? நானும் கெட்டிக்காரியாக இருந்திருந்தால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருப்பார்கள் என்று நினைக்கக்கூடும். துணிவாகத் தொடங்கிய கதை, பெரியவர்களின் பொறுப்பைப் பிள்ளையின் தோளுக்கு மாற்றிவிடுகிறது. இரண்டாவது மறுப்பாகிய ‘இன்பம் வேண்டாமா’ என்பதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பொய்யான ஆறுதல் பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சியாக மாறிவிடும்.

நேர்மை என்பது என்ன என்று அறிய நாம் வியன்னாவுக்குப் போகவேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கம் போனாற் போதும். கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்ற சிறுகதையை வாசகர் பலரும் அறிவர். லட்சுமியும் அவள் தம்பி சீனிவாசனும் தம் வீட்டுக் கதவில் ஏறி ஆடி, அதைப் பேருந்தாக்கி விளையாடுகிறார்கள். வேலைதேடி மணிமுத்தாற்றுக்குப் போன தந்தையிடமிருந்து செய்தியில்லை. தீர்வை கட்டவில்லை என்று அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். கழற்றுவதையும் பிள்ளைகள் முதலில் வேடிக்கையாகவே பார்க்கின்றனர். கதவில்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுகிறது, கைக்குழந்தை இறக்கிறது. பின்னர் சாவடியருகே மழையிலும் வெயிலிலும் கிடக்கும் கதவைக் கண்ட பிள்ளைகள் ஓடிச்சென்று அதைப் பற்றிக்கொள்கின்றனர். இக்கதையில் எவரும் சொற்பொழிவு ஆற்றவில்லை. வறுமை என்ற சொல்லுக்கு விளக்கம் தரப்படவில்லை. ஆனால் ஒரு குழந்தையின் சாவுக்கும் ஒரு வரிப்பாக்கிக்கும் இடையிலுள்ள தொடர்பு பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்படி கண்முன் நிற்கிறது.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ வேறொரு வழியிற் செல்கிறது. தாயம்மாளின் வீட்டில் தீபாவளிக்கு எல்லோருக்கும் புதுத்துணி எடுக்க வழியில்லை. அந்த வீட்டுக்கு, பெற்றோரில்லாத, உடலெங்கும் சிரங்கு கொண்ட ராஜா என்ற சிறுவன் மழையிரவில் வந்து சேர்கிறான். அவனையும் நீராட்டி, தன் கணவனுக்கென வைத்த துண்டை அவனுக்கு உடுத்துகிறாள் தாய். செல்வர் வீட்டுச் சிறுவன் தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமை பேச, மங்கம்மாள் தன் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகச் சொல்கிறாள். அநாதைச் சிறுவனைக் கண்டு இரங்குமாறு கதை எம்மைக் கெஞ்சவில்லை. இல்லாமையின் நடுவிலும் பங்கிடத் தெரிந்த ஒரு வீட்டைப் பிள்ளையின் பெருமித வாயாற் சொல்லிவிடுகிறது. ‘வீட்டு மானம்’ என்ற மூன்றாம் மறுப்புக்கு இதனிலும் சிறந்த விடை ஏது? மானத்தின் பொருளையே அது மாற்றிவிடுகிறது.

இவ்விரு கதைகளிலிருந்தும் சிறுவர் புனைகதைக்கு மூன்று தேர்வுகளைப் பெறலாம். முதலாவது, நிகழ்ச்சி பிள்ளையின் கண்ணால் காணப்படுகிறதா? இரண்டாவது, துன்பத்தின் காரணம் வெளியே தெரிகிறதா, அன்றி விதியென்றும் தனி மனிதனின் கெட்ட குணமென்றும் மூடப்படுகிறதா? மூன்றாவது, பெரியவர்களின் குற்றத்துக்குப் பிள்ளை பொறுப்பாளியாக்கப்படாமல் காக்கப்படுகிறதா? இம்மூன்றிலும் தேறிய கதை எவ்வளவு துயரமானதாயினும் பிள்ளைக்குத் தீங்கு செய்யாது. ஆனால் இவ்விரு கதைகளும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். பெரியோருக்கான தொகுதிகளிலேயே அவை இருக்கின்றன. குழந்தைகளைப் பற்றிய எம் சிறந்த கதைகள் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட்டுள்ளன.

முடிவு பற்றிய சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘வெள்ளைக் கப்பல்’ 1970 இல் வெளிவந்தது. தாயும் தந்தையும் கைவிட்டுப் போக, காட்டுக் காவல் நிலையத்தில் தாத்தாவுடன் வாழ்கிறான் ஒரு சிறுவன். அங்கே அதிகாரம் செலுத்தும் ஒறோஸ்குல் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறான். பிள்ளையில்லாமைக்கு அவளையே பழிக்கிறான். வேலைக்கும் சோற்றுக்கும் அவனை அண்டிய தாத்தா, தான் சொல்லித்தந்த பழங்கதையின் புனித மானையே அவன் கட்டளைக்குப் பணிந்து சுடநேர்கிறது. சிறுவன் மீனாக மாறித் தந்தையின் கப்பலை அடையலாம் என்று ஆற்றில் இறங்கிவிடுகிறான். நாவல் வெளிவந்தபோது இம்முடிவு குறித்துக் கடும் வாதம் எழுந்தது. நம்பிக்கையைக் கொன்றுவிட்டார் என்றனர் சிலர். குடும்ப வன்முறை பதவியோடும் பிழைப்போடும் எவ்வாறு பிணைந்துள்ளது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நூல்கள் சிலவே. எனினும் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இது சிறுவனைப் பற்றி வளர்ந்தோர் வாசிக்கவேண்டிய நூல். பத்து வயதுப் பிள்ளையின் கையில் தனியே கொடுத்துவிட்டு நகரத்தக்க நூலன்று. உண்மையைச் சொல்லவேண்டும் என்பதால் பிள்ளைக்கு வெளியேறும் வழியாகச் சாவை மட்டும் காட்டவேண்டும் என்றாகாது.

வேறு வழியும் உண்டு என்பதை எம் நாட்டிலேயே மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் காட்டினார். ‘மடொல் தூவ’ நாவலின் உபாலி தாயை இழந்தவன். மாற்றாந்தாயின் கீழ் வளர்பவன். தந்தையின் கண்டிப்புக்கு அடங்காதவன். வேலைக்காரச் சிறுவன் ஜின்னாவோடு வீட்டைவிட்டு வெளியேறி ஒரு தீவைத் திருத்திப் பயிர் செய்கிறான். தந்தை நோயுற்ற செய்தியறிந்து திரும்புகிறான். வீட்டின் முறிவு மறைக்கப்படவில்லை. ஆனால் பிள்ளையின் கையிலே மண்வெட்டியும் அருகிலே ஒரு தோழனும் இருக்கின்றனர். நம்பிக்கை என்பது இனிய முடிவில் இருப்பதன்று. செயலுக்கு இடமிருப்பதில் இருப்பது.

தமிழகத்தில் அண்மைக்காலத்தில் நல்ல அசைவுகள் தோன்றியுள்ளன. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ ஆசிரியர் உலகையே உலுக்கிய குறுநாவல். சித்தியின் வீட்டில் வளரும் பெற்றோரற்ற சிறுமி, கேள்வி கேட்டதற்காகப் பாடசாலையில் அடிபடுகிறாள். அடியின் வலி உணராதிருக்கத் தன் உடலிலேயே மருந்தைச் சோதித்து உயிரிழக்கிறாள். எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சிறுவர் மீதான பாலியல் தொந்தரவைச் சிறுவர் நாவலின் பொருளாக்கியது; 2020 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அக்கடமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. வீட்டில் பேசத்தகாத பொருளை ஒரு பொம்மையின் வாயால் பேசவைத்தது, பிள்ளையின் அச்சத்தை அறிந்த ஒருவரின் உத்தி. எனினும் இவ்வகை நூல்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. விழிப்புணர்ச்சி ஊட்டும் கடமை கதையை முந்திக்கொள்ளும்போது, பாத்திரங்கள் அறிவுரைகளைச் சுமக்கும் கூடைகளாகிவிடலாம். பொம்மை பேசினாலும் இறுதியில் பெரியவர்கள் செவிசாய்க்க வேண்டும். அவர்கள் செவிசாய்க்காத வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் யாரேனும் எழுதியாக வேண்டும்.

எமது முற்போக்கு இயக்கமும் இதில் தன் பங்கை எண்ணிப்பார்க்க வேண்டும். 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர், உழைக்கும் மக்களின் வாழ்வும் பேச்சும் இலக்கியத்துக்கு உரியவை என்று அறுபதுகளில் வாதிட்டனர். அதை ‘இழிசனர் இலக்கியம்’ என்று பண்டிதர் சிலர் பழித்தனர். அப்போரிலே வென்றோம். ஆனால் வென்ற நிலத்தைச் சிறுவருக்குப் பங்கிட மறந்தோம். சிறுவர் பகுதியைத் திருக்குறட் கதைக்கும் பெரியார் வரலாறுகளுக்கும் விட்டுவிட்டோம். சிலர் எழுதியபோதும் ஏழைச் சிறுவன் இறுதிப் பக்கத்தில் முழக்கம் எழுப்பினான். அரசனின் பிள்ளை போய் ஏழையின் பிள்ளை வந்தது; இருவரும் மரப்பொம்மைகளாகவே இருந்தனர். வர்க்கத்தை எழுதத் தெரிந்தவன் வீட்டுக்குள் நடப்பதையும் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். குடித்துவரும் தகப்பனை அரக்கனாக்கினால் பிள்ளை தன் தகப்பனை அதில் காணாது; அவர் முதல்நாள் தோளில் தூக்கிச் சென்றதையும் அது அறியும். அவரைத் தியாகியாக்கினால் அடிபட்ட தாயை அது காணாது. இரண்டையும் ஒருசேரச் சொல்வதற்கே கலை வேண்டியிருக்கிறது.

குழந்தை ம. சண்முகலிங்கம் தம் நாடகங்களில் இத்துணிவைக் காட்டினார். பிள்ளைகளுக்காகக் ‘கூடி விளையாடு பாப்பா’ எழுதிய அதே கரம், போர் மனத்துக்குச் செய்த காயத்தை ‘அன்னை இட்ட தீ’யிலும், பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்துவிடப்பட்ட முதியோரை ‘எந்தையும் தாயு’மிலும் எழுதியது. மேடையில் இயன்றது சிறுவர் புனைகதையில் ஏன் இயலாது?

ஆசிரியர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் உடனடியாகச் செய்யத்தக்க பணி உண்டு. ‘கதவு’ போன்ற கதைகளை வகுப்பறைக்குக் கொண்டுவாருங்கள், உரத்து வாசியுங்கள், பாடக்கருத்து யாது என்று கேட்காமல் சற்று நேரம் மௌனமாக இருங்கள். ‘எனது குடும்பம்’ என்ற தலைப்புக்குப் பதிலாக ‘எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறோம்’ என்று கேளுங்கள். எழுத விரும்பாத பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். ஒரு பிள்ளையின் துயரத்தை வகுப்பின் காட்சிப்பொருளாக்குவது, அதை மறைப்பதைவிடக் கொடியது. கதையின் சிறப்பே அதுதான்: பிறிதொரு பிள்ளையின் பெயரால் தன் துயரைப் பார்க்க அது இடம் தருகிறது, கைதூக்கி ஒப்புக்கொள்ளுமாறு யாரையும் கேட்பதில்லை.

எழுத்தாளர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கனகராயன் ஆற்றங்கரையிலும் பரந்தன் சந்தியிலும் வாழும் பிள்ளைக்கு அதன் வீட்டைத் திருப்பிக் கொடுங்கள். படம் மாட்டிய சுவரோடும், தவணை அட்டையோடும், அம்மம்மாவின் வெற்றிலைப் பையோடும் கொடுங்கள். அந்த வீட்டுக்கு வெட்கப்படவேண்டியது பிள்ளை அன்று என்பதைக் கதை அறிந்திருந்தால் அதுவே போதும்.